அந்த எஞ்சின் அந்தக் காரோடு பிறந்ததுதானா?

1969-ஆம் ஆண்டு செவ்ரலே கமாரோ என்ற அமெரிக்கக் கார் ஒன்று விற்பனைக்கு நிற்கிறது. 'இசட் 28' என்று பேட்ஜ் இருக்கிறது, பானெட்டின் மேல் அகலமான இரண்டு பட்டைகள் ஓடுகின்றன. வாங்க வந்தவர் விஷயம் தெரிந்தவர் என்றால் பெயின்ட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார். பானெட்டைத் திறந்து, துணியில் கொஞ்சம் தின்னர் நனைத்து, எஞ்சினின் முன்பக்கம் பயணி அமரும் பக்கமாக இருக்கும் விரல் நீளத் திட்டில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கைத் துடைப்பார். அப்புறம் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துக் குனிவார். காரின் விலை பாதியாவதும் இரட்டிப்பாவதும் அந்தத் திட்டில் எழுதியிருப்பதைப் பொறுத்தது.

இசட் 28 பந்தயத்துக்காகப் பிறந்த வண்டி. டிரான்ஸ்-ஆம் என்ற அமெரிக்கக் கார் பந்தயத்தில் எஞ்சின் கொள்ளளவு 305 கன அங்குலத்தைத் தாண்டக்கூடாது என்பது விதி. செவ்ரலே தன் 327 எஞ்சினின் அகலமான சிலிண்டரையும் 283 எஞ்சினின் குட்டையான கிராங்க் வீச்சையும் (பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம்) சேர்த்து 302 கன அங்குலம் ஆக்கியது. 1969 மாடலில் 20,302 இசட் 28-கள் வெளிவந்தன. அதே வருடம் சாதாரண வி8 (எட்டு சிலிண்டர்) கமாரோக்கள் அதைப்போலப் பல மடங்கு ஓடின. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஏனென்றால் காரின் அடையாள எண்ணான வின் நம்பர் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும்: 124379. முதல் 1 செவ்ரலே, 24 என்றால் வி8 கமாரோ, 37 இரண்டு கதவு கூப்பே, 9 என்பது 1969. அடுத்து வரும் எழுத்து ஆலை: 'என்' என்றால் ஒஹையோவின் நார்வுட், 'எல்' என்றால் கலிஃபோர்னியாவின் வான் நைஸ். கடைசி ஆறு இலக்கம் வரிசை எண். எந்த வி8 என்று ஒரு வார்த்தை கிடையாது. அதே காலத்து பிளிமத் கார்களில் ஐந்தாவது இடத்தில் எஞ்சினுக்கே ஓர் எழுத்து உண்டு. 1970 மாடலில் அங்கே 'ஆர்' இருந்தால் 426 ஹெமி என்ற எஞ்சின். செவ்ரலே 1972-இல்தான் அந்தப் பழக்கத்துக்கு வந்தது. ஆக, சாதாரணக் கமாரோவுக்கு ஒரு பேட்ஜும் இரண்டு பட்டையும் போட்டால் பார்வைக்கு இசட் 28 தயார். 'இது நகல்' என்று சொல்லி விற்றால் தப்பில்லை, நிறைய பேர் அப்படித்தான் விற்கிறார்கள். சொல்லாமல் விற்கும்போதுதான் டார்ச் தேவைப்படுகிறது.

இரும்பில் எண்கள் இரண்டு விதமாக ஏறும். ஒன்று புடைத்திருக்கும், இன்னொன்று குழிந்திருக்கும். புடைத்தது வார்ப்பின்போது வருவது. மணல் அச்சை உருவாக்கும் மாதிரிக் கட்டையில் மாதம், நாள், வருடத்துக்குக் கழற்றி மாட்டும் சின்னத் தகடுகள் இருக்கும், ஆலையில் அவற்றை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். எஞ்சினின் முக்கிய உடலான பிளாக்கின் பின்பக்க விளிம்பில் 'ஏ 3 9' என்று இருந்தால் ஜனவரி 3, 1969. (9 என்பது எந்தப் பத்தாண்டின் 9 என்று அது சொல்லாது. அதற்கு எந்த வகை பிளாக் என்று காட்டும் வார்ப்பு எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.) குழிந்த எண், எஞ்சினைப் பூட்டி முடித்தபின் சுத்தியால் குத்துவது. அந்தத் திட்டில் 'வி', '0114', 'டிஇசட்' என்று இருந்தால், ஃபிளின்ட் ஆலையில் ஜனவரி 14 அன்று பூட்டிய 302 எஞ்சின் என்று அர்த்தம். பிளாக்கில் காரின் வரிசை எண்ணும் குத்தியிருக்கும்.

இப்போது கணக்கு எளிது. பிளாக் வார்த்த நாள், எஞ்சின் பூட்டிய நாள், கார் தயாரான நாள் மூன்றும் இந்த வரிசையில் வர வேண்டும், பொதுவாகச் சில நாள் அல்லது சில வார இடைவெளியில். ஜனவரியில் வெளிவந்த காருக்குள் மார்ச்சில் வார்த்த பிளாக் இருந்தால், விற்பவர் எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும் கதை முடிந்தது.

சரி, பழைய எண்ணைத் தேய்த்து எடுத்துவிட்டுப் புதிதாகக் குத்தினால்? செய்கிறார்கள். அங்கேதான் அந்தச் சாய்ந்த வெளிச்சம் உதவும். ஆலையில் பிளாக்கின் மேல்தளத்தைச் சமன் செய்தது புரோச் என்ற கருவி. வரிசையாகப் பற்கள் கொண்ட அந்த நீண்ட கருவி ஒரே இழுப்பில் தளத்தைச் சீவிக்கொண்டு போகும். ஆகவே திட்டில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, நெருக்கமான, நேரான மெல்லிய கோடுகள் பதிந்திருக்கும். பிற்காலத்துப் பட்டறையில் சுழலும் கட்டரால் சீவினால் வளைந்த கோடுகள் விழும். உப்புத்தாள் போட்டால் கோடே இருக்காது. கோடு இல்லை என்பதாலேயே மோசடி என்றும் சொல்லிவிட முடியாது. ஐம்பது வருட ஓட்டத்தில் நியாயமாக எஞ்சின் வேலை பார்த்தபோதும் தளம் சீவப்பட்டிருக்கலாம். ஆனால் கோடுகள் அழிந்திருக்க, எண்கள் மட்டும் நேற்றுக் குத்தியதுபோலக் கூர்மையாக நின்றால், நான் பணப்பையை மூடிக்கொள்வேன்.

தேய்த்த எண் முழுதாக அழிவதும் இல்லை. குளிர்ந்த உலோகத்தில் அச்சு இறங்கும்போது, கண்ணுக்குத் தெரியும் பள்ளத்துக்குக் கீழேயும் உலோகப் படிகங்கள் நசுங்கிக் குலைந்துபோகின்றன. பள்ளத்தைத் தேய்த்து எடுத்தாலும் அந்த நசுங்கல் மிஞ்சும். நசுங்கிய பகுதியை அமிலம் வேறு வேகத்தில் அரிக்கும். அதனால் தடயவியல் ஆய்வகங்களில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தாமிரக் குளோரைடு கலந்த திரவத்தைத் தடவினால், எஃகில் பழைய எண் நிழல்போல எழுந்து வரும். வார்ப்பிரும்பு அவ்வளவு சுலபமாக வாய் திறப்பதில்லை. அதற்குள் சிதறிக் கிடக்கும் கிராஃபைட் செதில்கள் குறுக்கே நிற்கும். ஆழமாகச் சீவிவிட்டால் எதிலும் ஒன்றும் வராது.

காகிதத்தை நம்பலாமா? ஃபோர்டில் 1967 முதலான தயாரிப்புப் பதிவுகள் கிடைக்கின்றன, பான்டியாக்கிலும் கிடைக்கின்றன. அமெரிக்காவில் விற்ற செவ்ரலேக்களுக்கு அப்படி ஒரு பதிவேடு இல்லை. மிஞ்சுவது ஆலையில் காரோடு பயணித்த 'பில்ட் ஷீட்' என்ற உத்தரவுத் தாள். வேலை முடிந்ததும் தொழிலாளி அதைப் பின்சீட்டு ஸ்பிரிங்குக்குள் செருகியிருப்பார், அல்லது பெட்ரோல் டாங்கின் மேலேயே விட்டிருப்பார். துருவும் எலிக் கடியும் தாண்டி அது கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைத்த தாள் பக்கத்தில் நின்ற வேறொரு காருடையதாக இருப்பதும் உண்டு.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு பெயின்ட்டைப் பார்த்தால் வேறு மாதிரி தெரியும். ஆலைப் பூச்சு மெல்லியது. அளவிடும் கருவியை வைத்தால் கதவில் ஓர் எண்ணும் பின் ஃபெண்டரில் அதைப்போலப் பல மடங்கும் காட்டினால், அங்கே பட்டி போட்டிருக்கிறார்கள். எஞ்சினுக்கு ஆரஞ்சு நிறம் அடித்தபோது புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் ஏற்கெனவே பூட்டப்பட்டிருந்தது, அதன் மேலும் ஆரஞ்சு தெறித்தது. யாரும் கவலைப்படவில்லை, வண்டி கொஞ்சம் ஓடியதும் சூட்டில் அது கருகிப் போய்விடும். இன்று காரைப் புதுப்பிப்பவர்கள் அன்று ஆலை ஆய்வாளர் கிரேயானில் கிறுக்கிய குறிகளைக்கூட அதே இடத்தில் கிறுக்குகிறார்கள், மேனிஃபோல்டின் மேல் அதே அலட்சியத்தை மெனக்கெட்டுத் தெளிக்கிறார்கள். அதுவும் எஞ்சினை ஓட்டினால் கருகிவிடும். அதனால் பந்தயத்துக்கென்று பிறந்த சில கார்கள் கண்காட்சிக்கு டிரெய்லரில் வந்து, டிரெய்லரிலேயே வீடு திரும்புகின்றன.