வேலூர் மலைங்கள்ல உருண்டைப் பாறை எப்படி வந்துச்சு

மரமில்லாத மலை, தண்ணியில்லாத ஆறு, சாமியில்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டைன்னு வேலூரப் பத்தி ஒரு பழைய வசனம் இருக்கு, இந்தப் பக்கம் பொறந்தவங்க எல்லாருக்கும் தெரியும். கோயில் விஷயம் 1981-லயே மாறிடுச்சு, ஜலகண்டேஸ்வரர் திரும்ப கோட்டைக்குள்ள வந்துட்டாரு. ராஜா கதைய சரித்திரம் தெரிஞ்சவங்க சொல்லட்டும். மலையும் ஆறும் மட்டும் என் விஷயம், ஏன்னா அது ரெண்டும் ஒரே கதை. மலை மேலருந்து போன மண்ணுதான் பாலாத்துல மணலா கெடக்கு. இது புரிஞ்சுட்டா பாலமதி, வள்ளிமலை, பர்வதமலை, ஏலகிரின்னு எங்க ஏறுனாலும் காலுக்குக் கீழ இருக்கிற கல்லு ஒவ்வொண்ணும் பேச ஆரம்பிச்சிடும்.

மலை ஏறுற முக்காவாசிப் பேரு நெனைக்கிறது என்னன்னா, வெயில்ல காஞ்சு காஞ்சு பாறை வெடிச்சுது, மழையில உருண்டு உருண்டு முனை மழுங்கி உருண்டை ஆச்சுன்னு. ஆத்துக் கூழாங்கல்லுக்கு அது சரி. மலை உச்சியில யானை சைஸுல நிக்கிற பாறை எங்கருந்து உருண்டு வந்திருக்கும், அதுக்கு மேல ஒண்ணும் இல்லையே. அது நின்ன எடத்துலயே உருண்டை ஆன கல்லு. அதுவும் வெளிய வெயில்ல நிக்கும்போது இல்ல, பூமிக்குள்ள மண்ணுக்கு அடியில இருக்கும்போதே.

பழைய வட ஆற்காடு 1989-ல வேலூர், திருவண்ணாமலைன்னு ரெண்டாச்சு, அப்புறம் 2019-ல வேலூருலருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிஞ்சுச்சு. மாவட்டம் எத்தனை ஆனாலும் கல்லு ஏறக்குறைய ஒரே கூட்டம்தான், கிரானைட், நைஸ், சார்னகைட்னு புவியியல்காரங்க சொல்ற கெட்டிப் பாறைங்க. இதுல பெரும்பகுதிக்கு வயசு சுமார் 250 கோடி வருஷம். அந்தக் காலத்துல டைனோசர் என்ன, ஒரு புல்லு கூட கெடையாது. இந்தப் பாறைங்க உருவானது தரைக்குக் கீழ பல கிலோமீட்டர் ஆழத்துல, பயங்கர சூட்டுலயும் அழுத்தத்துலயும். நைஸ் பாறை ஒண்ண பக்கத்துல போய் பாருங்க, வெள்ளையும் கருப்புமா வரி வரியா ஓடும், சில எடத்துல அந்த வரி மடிஞ்சு வளைஞ்சு போகும், அந்த ஆழத்துல சூடேறி மெத்துன்னு ஆகி மடங்குனதுதான் அது.

மேல இருந்த கல்லும் மண்ணும் கோடிக்கணக்கான வருஷமா கரைஞ்சு போகப் போக கீழ இருந்த பாறை மேல வருது, மேல இருந்த பாரம் குறைஞ்சதும் அதுல விரிசல் விழுது. விரிசல் கன்னாபின்னான்னு விழறதில்ல, பெரும்பாலும் குறுக்கும் நெடுக்குமா ரெண்டு திசை, படுக்கை வாட்டத்துல ஒண்ணுன்னு விழும். அதாவது தரைக்கு அடியில பாறை ஏற்கெனவே சதுரம் சதுரமா கட்டம் பிரிஞ்சு கெடக்கு. மழைத்தண்ணி இந்த விரிசல் வழியா உள்ள எறங்குது. காத்துலயும் வேர் இருக்கிற மண்ணுலயும் இருக்கிற கார்பன் டை ஆக்சைடு அந்தத் தண்ணியில கரைஞ்சு லேசான அமிலம் ஆயிடுது, சோடா மாதிரி புளிப்பு கூட தெரியாது, அவ்ளோ லேசு. ஆனா லட்சக்கணக்கான வருஷம் டைம் இருக்கு அதுக்கு.

கிரானைட்ல முக்கியமா மூணு சரக்கு. வெள்ளையாவோ ரோஸ் கலராவோ தெரியிறது ஃபெல்ட்ஸ்பார், கண்ணாடி மாதிரி மங்கலா இருக்கிறது குவார்ட்ஸ், கருப்பா மினுக்குறது மைக்கா. அந்த லேசான அமிலம் ஃபெல்ட்ஸ்பார களிமண்ணா மாத்திடுது. கருப்பு மைக்காவுல இருக்கிற இரும்பு துருப்பிடிச்சு ஊதிக்கிது, அதுல பக்கத்துல இருக்கிற மணியெல்லாம் பிடி விட்டுப்போவுது. குவார்ட்ஸ மட்டும் ஒண்ணும் பண்ண முடியல, அது அப்படியே மணலா உதிருது. இப்ப கட்டம் கட்டமா இருக்கிற கல்ல நெனைச்சுப் பாருங்க. பக்கத்துல ஒரு திசையிலருந்து தண்ணி அரிக்கும், ஓரத்துல ரெண்டு திசையிலருந்து, மூலையில மூணு திசையிலருந்து. கல்கண்டு கட்டிய வாயில போட்டா முனைதான் மொதல்ல கரையும் இல்லையா, அதே கணக்குல சதுரக் கல்லு உள்ளயே உருண்டை ஆயிடுது, சுத்தி உதிரி மண்ணு, நடுவுல கெட்டிக் கல்லு.

இது கற்பனைன்னு நெனைக்காதீங்க, போர் போடுறவங்கள கேளுங்க. நம்ம பக்கம் போர் போட்டா மொதல் கேள்வியே கேசிங் எவ்ளோ எறங்குச்சுன்றதுதான். கேசிங் பைப்பு எறங்குற ஆழம் வரைக்கும் இந்த உளுத்துப்போன மொரம்பு இருக்குன்னு அர்த்தம், அதுக்கு அப்புறம்தான் கெட்டிப் பாறை. ஒரே வயல்ல ஒரு மூலையில சீக்கிரமே பாறை தட்டும், நாப்பது அம்பது அடி தள்ளிப் போட்டா கேசிங் எறங்கிக்கிட்டே இருக்கும், ஏன்னா கீழ பாறை சமமா உளுத்துப்போகல, விரிசல் அதிகமா இருக்கிற எடத்துல ஆழமா உளுத்திருக்கு. சில சமயம் பாறை வந்துடுச்சுன்னு சந்தோஷப்பட்டா அது நடுவுல கெடக்கிற உருண்டைக் கல்லா இருக்கும், தாண்டுனா திரும்பவும் மொரம்பு. மலைப்பாதைக்காக மண்ண வெட்டுன எடங்கள்லயும் இது நல்லா தெரியும், பழுப்பு மண்ணுக்குள்ள உருண்டைக் கல்லு புதைஞ்சு நிக்கும், அத சுத்தி ஓடு ஓடா பாறை உரிஞ்சு, விரல்ல தேய்ச்சா மாவா கொட்டும், உள்ளங்கையில மினு மினுன்னு மைக்கா ஒட்டிக்கும்.

அப்பால அந்த உதிரி மண்ண மழை அடிச்சிட்டுப் போகுது. மண்ணு போகப் போக கல்லு மெதுவா எறங்கி ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்துக்குது. யாரோ தூக்கி வச்ச மாதிரி ஒரு சின்ன முனையில நிக்குதே, எப்படி விழாம நிக்குதுன்னு ஆச்சரியப்படுறோம் பாருங்க, அத யாரும் தூக்கி வைக்கல, அதுக்கு அடியில இருந்த மண்ணுதான் போயிடுச்சு. வேலூர் கிழக்குப் பக்கத்து மலைக்கோட்டைங்கள்ல இப்படி நிக்கிற பாறைங்களுக்கு நடுவுலயே செவுரு கட்டியிருக்காங்க, பாதி வேலைய மலையே முடிச்சு வச்சிருந்துச்சு.

வெளிய வந்துட்ட கல்லுக்கு கதை வேற. மழை பேஞ்சா தண்ணி வழிஞ்சு ஓடிடும், அரை மணி நேரத்துல காஞ்சிடும், அதனால மண்ணுக்குள்ள ஈரத்துல கெடந்தப்போ உளுத்த வேகத்துல இப்ப உளுக்காது. இதுக்கு சாட்சி வேணும்னா சோளிங்கர் பக்கத்துல மகேந்திரவாடிக்குப் போங்க. தனியா நிக்கிற ஒரே பாறைய குடைஞ்சு மகேந்திரவர்ம பல்லவன் பெருமாளுக்கு கோயில் எடுத்திருக்கான், ஏழாம் நூற்றாண்டு. மகேந்திர விஷ்ணுகிருகம்னு அவன் வெட்டுன கல்வெட்டு இன்னைக்கும் படிக்கிற மாதிரி இருக்கு. 1,400 வருஷ வெயிலும் மழையும் ஒரு உளி எழுத்தக் கூட முழுசா அழிக்கல. என் கண்ணுக்கு வட ஆற்காட்டுலயே ரொம்ப முக்கியமான பாறை இதுதான், ஏறுறதுக்கு மலை கூட கெடையாது, ஆனாலும் ஒரு நாள் ஒதுக்கிப் போய்ப் பாக்கணும்.

எல்லா மலையும் உருண்டைக் கல்லா இருக்காது. பர்வதமலைக்குப் போனவங்களுக்குத் தெரியும், மேல போகப் போக மொழுமொழுன்னு ஒரே பாறைச் சரிவு, பாறையில ஏற்கெனவே அடிச்சு எறக்கியிருக்கிற கடப்பாரையப் பிடிச்சுக்கிட்டு ஏறணும். அந்த மாதிரி பாறையில குறுக்கு விரிசல் கம்மி. விரிசல் இல்லன்னா தண்ணி உள்ள போக வழி இல்ல, அதனால மொத்தமா குண்டு மாதிரி நின்னுடுது. ஆனா பாரம் குறைஞ்ச பாறை மேல் நோக்கி லேசா விரியப் பாக்கும், அப்ப மேற்பரப்புக்கு இணையா தகடு தகடா பிரியும். கையில ஒரு சின்ன கல்ல எடுத்து பாறைய தட்டிக்கிட்டே போங்க, கெட்டியா இருக்கிற எடத்துல டங்குன்னு கேக்கும், தகடு பிரிஞ்சு அடியில வெத்தா இருக்கிற எடத்துல தொம்முன்னு சத்தம் மாறும். அங்க கால வைக்காதீங்க. வெயிலுக்கும் இதுல பங்கு இருக்கு. அமெரிக்காவுல யோசெமிட்டி மலையில ஒரு பாறைத் தகட்டுல கருவி வச்சு அளந்தாங்க, 2016-ல அந்த ஆய்வு வந்துச்சு, பகல் சூட்டுல அந்தத் தகடு வெளிய வளைஞ்சு ராத்திரி குளிர்ல திரும்புது, ஒரே நாள்ல கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர். தினம் தினம் இப்படி ஆடுனா விரிசல் முனை கொஞ்சம் கொஞ்சமா நீளும். நம்ம அக்னி நட்சத்திரத்துல வெறும் பாறை எவ்ளோ சூடேறும்னு செருப்பில்லாம படி ஏறுனவங்களுக்கு சொல்லித்தர வேண்டியதில்ல. பகல்ல வாங்குன சூட்ட பாறை ராத்திரி வெகுநேரம் விட்டுக்கிட்டே இருக்கும், அதனால சாயந்திரம் வெயில் தாழ்ந்ததும் ஏறலாம்னு நெனைக்கிறத விட விடியக்காலை நாலு மணிக்கு ஏறுறதுதான் ஒடம்புக்கு நல்லது.

மொட்டைப் பாறை மேல சுனை எப்படி வருதுன்றது எனக்கு ரொம்பப் பிடிச்ச சங்கதி. பாறையில லேசா பள்ளம் இருக்கிற எடத்துல மழைத்தண்ணி தேங்கும், தேங்குற எடத்துல ஈரம் நிக்கும், ஈரம் நின்னா மேல சொன்ன அதே வேலை, ஃபெல்ட்ஸ்பார் களிமண்ணா போவும், மணி உதிரும், தண்ணி காஞ்சப்புறம் அந்தத் தூள காத்து ஊதிடும். பள்ளம் ஆழமாச்சா, அடுத்த மழைக்கு இன்னும் அதிகமா தண்ணி நிக்கும். பள்ளம் தானே தன்ன தோண்டிக்குது. இப்படி வர்ற சுனை மழைத்தண்ணிய மட்டும் நம்பி இருக்கிறது, கோடையில காஞ்சிடும். சிலது பாறை விரிசல்லருந்து ஊறுறது, அது லேசுல வத்தாது. வள்ளிமலையில சமணர்கள் குகையில தங்கி சிற்பம் செதுக்கி வச்சுட்டுப் போயிருக்காங்க, ஒன்பதாம் நூற்றாண்டு கங்க ராஜா ராசமல்லன் கல்வெட்டு அங்க இருக்கு. சாஞ்ச பாறையடியில நிழலு, பக்கத்துல சுனைத் தண்ணி, தவம் பண்ண வர்றவங்களுக்கு வேற என்ன வேணும். பாறை மேல சாம்பலும் பச்சையுமா ஒட்டியிருக்கிற திட்டு எல்லாம் பாசிக் காளான், பிரியாணியில போடுற கல்பாசி இந்த வகைதான், அதுவும் தன் பங்குக்கு அமிலம் விட்டு கல்ல அரிக்கிது. செருப்புக்கால்ல தேய்ச்சு எடுக்காதீங்க, அது வளர்றது வருஷத்துக்கு மில்லிமீட்டர் கணக்குல.

ஏலகிரி இதுல சேராது, அது வேற குடும்பம். 14 கொண்டை ஊசி வளைவு ஏறி மேல போனா நிக்கிற பாறை சயனைட்னு ஒரு வகை (விஷமான சயனைடு இல்ல), ஆழத்துலருந்து உருகுன குழம்பா மேல வந்து பாதியில எறுகிப்போனது, வயசு சுமார் 75 கோடி வருஷம். சுத்தி இருக்கிற பாறைக்கு முன்னாடி இது சின்னப் பையன். சயனைட்ல குவார்ட்ஸ் ரொம்பக் கம்மி. மேல 1,000 மீட்டருக்கு மேல ஏறக்குறைய சமதளமா இருக்கிறதால மண்ணு தங்குது, மண்ணு தங்குனா மரம் தங்குது. ஜவ்வாது மலையும் அப்படித்தான், மேல அகலமா கெடக்கிறதால சாமை விதைக்கிற அளவுக்கு மண்ணு இருக்கு. வேலூரச் சுத்தி இருக்கிற மலைங்க செங்குத்து, ஆடு மாடு, விறகு, தீ, எல்லாம் சேந்து மேல இருந்த செடியும் போச்சு, பிடிச்சு வைக்க வேர் இல்லன்னா ஒரு கன மழை போதும். ஏலகிரியில இருக்கிற சுவாமிமலை, ஜலகாம்பாறை பக்கமெல்லாம் நடக்கணும்னா வனத்துறை அனுமதி வாங்கிட்டுப் போங்க, ஆன்லைன்லயே புக் பண்ணலாம். அருவி பாக்கணும்னா மழை விட்டதுக்கு அப்புறம் போங்க, கோடையில போனா பாறைதான் மிச்சம்.

உதிர்ந்த மணலெல்லாம் ஓடையில எறங்கி, செய்யாறு, அகரம் ஆறு வழியாவும் மத்த ஓடை வழியாவும் பாலாத்துல சேந்துச்சு. பாலாறு நந்தி மலையில கெளம்பி 348 கிலோமீட்டர் ஓடுது, அதுல 222 நம்ம தமிழ்நாட்டுல. மேல பாத்தா வெறும் மணல், ஆனா மணிக்கும் மணிக்கும் நடுவுல இருக்கிற சந்துல தண்ணி நிக்கும், வெயில் தொட முடியாத ஆழத்துல, ஆவியாகாம. ஊத்து தோண்டி தண்ணி எடுத்த காலம் பெரியவங்களுக்கு ஞாபகம் இருக்கும். மணல அள்ளுறது தண்ணித் தொட்டிய ஒடைக்கிற வேலை, ஏன்னா அந்த மணல் திரும்ப வர மலை உளுக்கணும், அதுக்கு எத்தனை லட்சம் வருஷம் ஆகும்னு மேலயே பாத்தோம்.

கடைசியா ஒண்ணு, இத படிச்சுட்டு மழைக்காலத்துல பாறை பாக்க கெளம்பிடாதீங்க. 2024 டிசம்பர் 1-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் மழையில திருவண்ணாமலை மலையடிவாரத்துல மண்ணும் பாறையும் சரிஞ்சு ஒரே வீட்டுல ஏழு பேரு போயிட்டாங்க, அதுல அஞ்சு பேரு சின்னப் புள்ளைங்க. உருண்டைக் கல்ல வெளிய கொண்டு வர்ற அதே வேலைதான் அங்கயும் நடந்துச்சு, மெதுவா நடக்க வேண்டியது ஒரே நாள்ல நடந்துடுச்சு. பாறைக்கும் பாறைக்கும் நடுவுல இருக்கிற மண்ணுல தண்ணி ரொம்பி, மண்ணு மணிங்களோட பிடி விட்டுப்போய், கனம் கூடி, அப்படியே வழுக்கி எறங்கும்போது மேல உக்காந்திருந்த கல்லையும் கூட்டிக்கிட்டு வரும். ரெண்டு நாள் விடாம மழை பேஞ்சா சரிவுல நிக்கிற பெரிய கல்லுக்குக் கீழ்ப்பக்கம் உக்காராதீங்க, டென்ட் போடாதீங்க. தெளிவா ஓடுற ஓடை திடீர்னு செம்மண்ணா கலங்குனா, மரம் புதுசா சாஞ்சிருந்தா, பாறையடியில மண்ணு வாய் பொளந்த மாதிரி புது வெடிப்பு தெரிஞ்சா ஓடை வழியா எறங்காதீங்க, ஓடையிலருந்து விலகி மேட்டுப் பக்கமா வெளிய வந்துடுங்க. கீழ வந்ததும் ஊர்க்காரங்க கிட்டயும் வனத்துறை ஆளுங்க கிட்டயும் எந்த எடத்துல பாத்தீங்கன்னு சொல்லிடுங்க.