பெனம்ப்ரா: தமிழில் புறநிழல்

பக்கவாதம் வந்தவரின் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "பெனம்ப்ரா இன்னும் நிறைய இருக்கு" என்று டாக்டர்கள் பேசிக்கொள்வார்கள். வெளியே காத்திருக்கும் குடும்பத்துக்கு அது புரியாது. ஆனால் அந்த நேரத்தில் வரக்கூடிய நல்ல சேதியே அதுதான்: மூளையில் காப்பாற்றக்கூடிய பகுதி இன்னும் மிச்சம் இருக்கிறது.

லத்தீனில் 'பேனே' என்றால் ஏறக்குறைய. 'உம்ப்ரா' என்றால் நிழல். இரண்டையும் சேர்த்து, 1604இல் கிரகணத்தை விளக்க இந்தச் சொல்லை உருவாக்கியவர் ஜோஹன்னஸ் கெப்ளர். மூளை மருத்துவத்தில் இது நிலைத்தது ஆஸ்ட்ரப், சீஷோ, சைமன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1981இல் எழுதிய கட்டுரையால்.

ரத்தக்கட்டி குழாயை அடைத்ததும், ரத்தம் அறவே போகாத நடுப்பகுதி செல்கள் சில நிமிடங்களில் சாகின்றன. சுற்றியுள்ளவற்றுக்குப் பக்கத்துக் குழாய்கள் வழியாகக் கொஞ்சம் ரத்தம் வருகிறது. 100 கிராம் மூளைக்கு நிமிடத்துக்கு 50 மில்லி வரவேண்டிய இடத்தில் 20க்கும் குறைவு. வேலை செய்ய அது போதாது. சாகாமல் தாக்குப்பிடிக்கப் போதும், அதுவும் கொஞ்ச நேரத்துக்கு. இந்தச் சுற்றுப்பகுதிதான் பெனம்ப்ரா. கை தொய்ந்து கிடக்கும். அந்தக் கையை ஆட்டும் செல்கள் இன்னும் உயிரோடு இருக்கலாம்.

சாதாரண சிடி ஸ்கேன் முதலில் ரத்தக்கசிவு இல்லையே என்று பார்க்கத்தான். அப்புறம் சாயமருந்து செலுத்தி ரத்த ஓட்டத்தை அளந்தால், திரையில் செத்த பகுதி ஒரு நிறத்திலும் அதைச் சுற்றிக் காப்பாற்றக்கூடிய பகுதி வேறு நிறத்திலும் தெரியும்.

சரி, தமிழில்? 'அரைநிழல்' என்று சொல்லலாம்தான். ஆனால் கிரகணப் பாடத்தில் கருநிழல், புறநிழல் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். நடுவில் கருநிழல், சுற்றிலும் புறநிழல்: மூளையிலும் அமைப்பு அதேதான். புதிதாக ஒன்று வேண்டாம் என்பேன்.

ஒரு வேறுபாடு உண்டு. கிரகண நிழல் தானே விலகிவிடும். மூளையில் கருநிழல் புறநிழலைத் தின்று வளரும். பெரிய குழாய் அடைத்தால் நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்புச் செல்கள் போகின்றன என்பது 2006இல் நரம்பியல் மருத்துவர் ஜெஃப்ரி சேவர் போட்ட கணக்கு. கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு என்பதும், "கடைசியா எப்ப நல்லா இருந்தார்?" என்று வாசலிலேயே கேட்பதும் இதனால்தான்.

தூங்கி எழும்போதே கை வராமல் போனவருக்கு அந்தக் கேள்விக்குப் பதில் இருக்காது. முன்பெல்லாம் அவரைச் சிகிச்சையிலிருந்து விலக்கிவிடுவார்கள். 2018இல் வெளியான டான் (DAWN) என்ற மருத்துவ ஆய்வுக்குப் பிறகு, பெரிய குழாய் அடைத்திருந்து, ஸ்கேனில் புறநிழலும் மிச்சம் இருந்தால், 24 மணி நேரம் வரைகூட நுண்குழாய் விட்டுக் கட்டியை வெளியே இழுக்கிறார்கள்.