கடைசியாக மண்ணில் கால் வைத்தது எப்போது?

"அம்மா, கடைசியா எப்ப மண்ணுல கால் வச்சீங்க?"

அந்த அம்மாள் உடனே பதில் சொல்லவில்லை. விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தப்ப கொல்லையில வாழைக்குத் தண்ணி பாய்ச்சினேன் டாக்டரம்மா. அதோட சரி."

நாங்கள் பேசிக்கொண்டிருந்தது மாசி மாதத்தில்.

அவருக்குக் கும்பகோணத்துப் பக்கம் ஊர், வயது 66. கணவர் தவறிய பிறகு தனியாக விட மனமில்லாமல் மகள் பெங்களூருக்கு அழைத்து வந்துவிட்டார். பன்னேர்கட்டா சாலையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு, 11-வது மாடி. வந்த சில மாதங்களிலேயே தூக்கம் போனது, நெஞ்சில் படபடப்பு தொடங்கியது, சாப்பாடு இறங்கவில்லை. ஈசிஜி, எக்கோ, தைராய்டு எல்லாம் எடுத்து ஒரு தடித்த ஃபைலோடு வந்திருந்தார்கள். பார்த்த மூன்று மருத்துவர்களும் "உடம்புக்கு ஒண்ணும் இல்ல" என்றுதான் சொல்லியிருந்தார்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பவருக்கு அந்த வார்த்தை ஆறுதலாக இருக்காது. (அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

பெங்களூரில் மனநல மருத்துவராக இருக்கும் எனக்கு இப்படிப்பட்ட பெற்றோர்கள் புதிதல்ல. திருநெல்வேலி, மன்னார்குடி, ஈரோடு என்று எங்கெங்கிருந்தோ பிள்ளைகளோடு வந்து சேர்ந்தவர்கள். மகளோ மகனோ நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள், வீட்டில் ஒரு குறையும் இருக்காது. ஆனாலும் ஏதோ ஒன்று போய்விட்டது என்று எல்லோரும் சொல்வார்கள். எது போனது என்று மட்டும் அவர்களுக்குச் சொல்லத் தெரியாது.

நான் அவர்களிடம் ஊரில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று கேட்பேன். விடியும்போது வாசல் தெளிப்பார்கள், கோலம் போடுவார்கள். செம்பருத்தி பறிக்கக் கொல்லைக்குப் போவார்கள். வெயில் ஏறியதும் வடாமோ மிளகாயோ காயப்போட்டுவிட்டுக் காக்காய் விரட்டுவார்கள். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பார்கள். கூட்டிப் பார்த்தால் இரண்டு மூன்று மணி நேரம் வானத்துக்குக் கீழே இருந்திருப்பார்கள். அதற்கு வாக்கிங் என்றோ இயற்கை என்றோ யாரும் பெயர் வைக்கவில்லை. பெயர் இல்லாததால் அது போனதும் தெரிவதில்லை. இங்கே லிஃப்ட், பேஸ்மென்ட், கார், மால், திரும்பவும் லிஃப்ட்.

அதன் விளைவு முதலில் தெரிவது தூக்கத்தில்தான். நம் விழித்திரையில் பார்வைக்கான செல்களைத் தவிர, வெளிச்சத்தின் அளவை மட்டும் மூளைக்குச் சொல்லும் செல்களும் சில இருக்கின்றன. மூளையில் உள்ள உடல் கடிகாரம் இவை தரும் தகவலை வைத்துத்தான் இது பகல், இது இரவு என்று நாளைப் பிரிக்கிறது. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். விளக்குப் போட்ட சாதாரண அறையில் 100 முதல் 500 லக்ஸ் வெளிச்சம்தான் இருக்கும். வெளியே வந்தால் மேகம் மூடிய நாளில்கூடப் பல ஆயிரம் லக்ஸ், 10,000 வரையும் போகும். இந்த இரண்டு வெளிச்சத்துக்கும் நம் கண் பழகிவிடுவதால் வித்தியாசம் நமக்கு உறைப்பதில்லை, கடிகாரத்துக்கு உறைக்கிறது. அந்த அம்மாள் நாள் முழுவதும் இருந்தது திரைச்சீலை இழுத்த ஹாலில். வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் மருமகனின் கணினித் திரையில் வெளிச்சம் அடிக்கிறது என்று மூடி வைத்திருந்தார்கள். அவர் உடம்புக்குப் பகலே வரவில்லை. பிறகு இரவு மட்டும் எப்படி வரும்?

அவருக்கு இருந்தது மனச்சோர்வு. கணவரை இழந்த துக்கமும் அதில் கலந்திருந்தது. குறைந்த அளவில் ஒரு மாத்திரை கொடுத்தேன். அதோடு காலையில் அரை மணி நேரம் வெளியே இருக்க வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்தேன்.

"அப்ப ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை லால்பாக் கூட்டிட்டுப் போறேன் டாக்டர்" என்றார் மகள்.

அழைத்துப் போகட்டும், அதைவிட நல்ல இடம் இந்த ஊரில் கிடைக்காது. 1760-இல் ஹைதர் அலி தொடங்கிய தோட்டம் இன்று 240 ஏக்கர். நடுவிலுள்ள பாறையின் வயது ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகள். மனம் கனத்த நாட்களில் நானும் அதில் போய் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் வாரம் ஒருமுறை போகும் லால்பாக் அந்த அம்மாளின் திங்கட்கிழமைக் காலையைச் சரிசெய்யாது. "உங்க பில்டிங்குக்குப் பின்னாடி தெரு இருக்கில்ல, அதுல மரம் இருக்கா?" என்று கேட்டேன். மகளுக்குத் தெரியவில்லை. அந்த வீட்டில் ஆறு வருடமாக இருக்கிறார்.

ஆறு வாரம் கழித்து, பங்குனி முடியும் நேரத்தில் அந்த அம்மாள் வந்தார். நாற்காலியில் உட்காரும் முன்பே முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே ஒரு கைப்பிடி புங்கம்பூ. வெள்ளையும் இளஞ்சிவப்புமாக, பாதி வாடியும் வாடாமலும் இருந்தது.

"பின்னாடி தெருவுல வரிசையா புங்கமரம் நிக்குது டாக்டரம்மா. காலையில பாத்தா பொரி கொட்டின மாதிரி ரோடெல்லாம் பூ. பெருக்குற பொண்ணு இதை 'ஹொங்கே'ங்குது. நாங்க புங்கம்னுதான் சொல்லுவோம்னேன். அதுலேர்ந்து தினமும் பேசிக்கிறோம். அதுக்குத் தமிழ் அரைகுறை, எனக்குக் கன்னடமே தெரியாது."

உதிர்ந்த புங்கம்பூவைச் சங்கப் புலவர்களும் சிதறிய பொரி என்றுதான் பாடியிருக்கிறார்கள். அந்த அம்மாள் அதைப் படித்திருக்க வாய்ப்பில்லை. அவர் பார்த்ததும் அவர்கள் பார்த்ததும் ஒரே மரத்தடி, அவ்வளவுதான்.

மாத்திரை வேலை செய்யவில்லை, பூதான் குணமாக்கியது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆறு வாரம் மாத்திரை நன்றாக வேலை செய்யும் காலம். ஆனால் பகலில் படுப்பது நின்றது, இரவு பத்து மணிக்குக் கண் சொருகியது, யாரும் சொல்லாமல் ஒருவரோடு சிநேகம் வைத்துக்கொண்டார். இவற்றில் பாதி அந்தத் தெருவில் நடந்தது.

மரத்தடியில் மனதுக்கு என்ன நடக்கிறது என்பதையும் ஓரளவு பார்த்திருக்கிறார்கள். 2015-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 38 பேரை 90 நிமிடம் நடக்கவிட்டார்கள், சிலரைப் புல்வெளியும் மரங்களும் உள்ள இடத்தில், மற்றவர்களை வாகனம் நிறைந்த சாலையோரத்தில். மரங்களுக்கிடையே நடந்தவர்களிடம், தன்னைப் பற்றிய கவலையையே திரும்பத் திரும்ப எண்ணுவது குறைந்திருந்தது. அந்த எண்ணத்தோடு தொடர்புடைய மூளைப்பகுதியின் செயல்பாடும் தணிந்திருந்தது. அரைத்த மாவையே அரைப்பது என்று நாம் சொல்வது இதைத்தான். மனச்சோர்வில் மனிதரை வதைப்பது பெரும்பாலும் அந்த அரைப்புத்தான்.

எவ்வளவு நேரம் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு 2019-இல் இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரிடம் எடுத்த ஓர் ஆய்வைச் சொல்வேன். வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் இருந்தவர்கள், தாங்கள் நலமாக இருப்பதாக அதிகம் சொன்னார்கள். ஒரே மூச்சில் இருந்தாலும் பிரித்துப் பிரித்து இருந்தாலும் பலனில் வேறுபாடு தெரியவில்லை. நலமாக இருப்பவர்கள்தானே அதிகம் வெளியே போவார்கள் என்று நீங்கள் கேட்டால், அதுவும் நியாயமான கேள்விதான். இது காரணத்தை நிரூபிக்கும் ஆய்வு அல்ல. ஆனாலும் நாளுக்கு இருபது நிமிடத்துக்கும் குறைவான இந்தக் கணக்கை முயன்று பார்ப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை.

இனி நான் கவலையோடு சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இந்த ஊரின் இளைஞர்களுக்கு இயற்கை என்றால் வார இறுதிப் பயணம். வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் முடிந்து, தூங்காமல், விடியற்காலை மூன்று மணிக்குப் பைக்கில் நந்தி மலைக்குக் கிளம்புகிறார்கள். 1,478 மீட்டர் உயரத்தில் மேகத்துக்கு மேலே சூரியன் வருவது அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் என்னிடம் வந்த ஒரு தம்பியைச் சொல்கிறேன். சேலத்துக்காரர், 27 வயது. இருதுருவ மனநிலைக் கோளாறுக்கு (மனம் சில காலம் அளவு மீறி எழும்பும், சில காலம் சோர்ந்து போகும்) மருந்து எடுத்துக்கொண்டு மூன்று வருடம் மிக நன்றாக இருந்தவர். அடுத்தடுத்து இரண்டு வாரம், நண்பர்களோடு ராத்திரி முழுக்க விழித்து மலைக்குப் போனார். இரண்டாவது பயணம் முடிந்த நான்காம் நாள், தூக்கமே தேவையில்லை என்று சொல்லிக்கொண்டு, சேமிப்பையெல்லாம் செலவழித்துவிட்டு, அண்ணன் கையைப் பிடித்து இழுத்துவர வந்து சேர்ந்தார். இந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு ஓர் இரவுத் தூக்கம் போவதே மனஎழுச்சியைக் கிளப்பிவிடப் போதும். மலைமேல் தப்பில்லை, விழித்த இரவுதான் தப்பு. முந்தின இரவு அங்கே பக்கத்தில் தங்கித் தூங்கி எழுந்து போயிருந்தால் அவர் அன்று என் அறைக்கு வந்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

இந்தக் கோளாறுக்குத் தரும் மருந்துகளில் ஒன்றான லித்தியம் எடுப்பவர்கள் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெயிலில் மலை ஏறி வியர்த்து, தண்ணீரும் உப்பும் குறைந்தால் ரத்தத்தில் லித்தியத்தின் அளவு ஏறும். இறங்கி வந்து கால்வலிக்கு மருந்துக்கடையில் ஐபுபுரூஃபன் வாங்கிப் போட்டுக்கொண்டால் இன்னும் ஏறும். கை நடுக்கம் அதிகமானாலோ, வாந்தி, வயிற்றுப்போக்கு, நடையில் தள்ளாட்டம் வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். குளோர்புரோமசின் போன்ற சில மனநல மருந்துகள் எடுப்பவர்களுக்கு வெயில் பட்ட இடத்தில் தோல் எளிதில் சிவந்து எரியும். முழுக்கைச் சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டால் சமாளிக்கலாம். இதற்காக மருந்தை நிறுத்திவிட்டு மலை ஏறுவது எல்லாவற்றையும்விட ஆபத்து. போவதற்கு முன் உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

வெளியே இருந்தாலே அமைதி வந்துவிடும் என்றும் நான் சொல்ல மாட்டேன். தர்மபுரியிலிருந்து வந்து செக்யூரிட்டி வேலை பார்க்கும் ஓர் அண்ணன் 12 மணி நேரம் வெளியேதான் நிற்கிறார். அவரிடம் போய் இயற்கையில் நேரம் செலவழியுங்கள் என்று சொன்னால் அது அநியாயம். அவருக்கு வேண்டியது நிழலும், உட்கார ஒரு நாற்காலியும், நடுவில் அரை மணி நேர ஓய்வும். அதைக் கொடுக்க வேண்டியது குடியிருப்பில் இருக்கும் நாம். அவர் நிற்கும் கேட்டுக்கு அருகில் மரம் இருந்தால், நாற்காலியை அதன் கீழே போடச் சொல்லுங்கள்.

என்னிடம் வருபவர்களுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். தினமும் ஒரே இடத்துக்குப் போங்கள். புதுப்புது இடம் கண்ணுக்கு விருந்து, பழகிய இடம்தான் மனதுக்கு மடி. டபேபுயா மரங்கள் பூத்துப் பெங்களூர் இளஞ்சிவப்பாகும்போது எல்லோரும் படமெடுக்கிறார்கள். அதே மரம் ஜூலையில் எப்படி இருக்கிறது என்று பார்த்தவர்கள் குறைவு. செல்போனைப் பையிலேயே விடுங்கள், ஹெட்போனும் வேண்டாம். அடி எண்ணிக்கையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் ஒரு மரத்தின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். சாலையில் குடைபோல் விரிந்து நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தின் இலைகள் சாயங்காலம் மடிவதைக் குழந்தைக்குக் காட்டுங்கள். நாவலும் அத்தியும் வேம்பும் இங்கேயும் நிற்கின்றன. அரசமரத்தைச் சுற்றி மேடை கட்டி நாகக்கல் வைத்த இடங்கள் பழைய பேட்டைகளில் இன்னும் இருக்கின்றன. நம் ஊர்ப் பெரியவர்களுக்கு அந்த மேடையில் எப்படி உட்கார வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நடக்க முடியாதவர்களை ஜன்னலோரமாகப் படுக்க வையுங்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை ஒப்பிட்டு 1984-இல் ஓர் ஆய்வு வந்தது. ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்த அறையில் இருந்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர்களைவிடச் சற்று முன்னதாகவே வீடு திரும்பினார்கள். வீரியமான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. சிறிய ஆய்வுதான். ஆனால் கட்டிலைத் திருப்பிப் போடப் பெரிய ஆய்வு எதுவும் தேவையில்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லாமல் இருக்கிறது, தூக்கமும் பசியும் கெட்டுவிட்டன, வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால் மரத்தடியை மட்டும் நம்பி நாளைக் கடத்தாதீர்கள். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் உதவி மையம் இருக்கிறது. மத்திய அரசு 2022-இல் தொடங்கியது, கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம். மனச்சோர்வின் கடுமையில் படுக்கையைவிட்டு எழுவதே மலையாக இருக்கும். அப்படி இருப்பவரிடம் "கொஞ்சம் வெளிய போயிட்டு வா, சரியாயிடும்" என்று சொல்லி அனுப்பாதீர்கள். கூடப் போங்கள். வாசல்வரை வந்தாலும் அன்றைக்கு அது போதும்.

அந்த அம்மாளின் மாத்திரை அளவைப் பிறகு மெதுவாகக் குறைக்கத் தொடங்கினோம். ஆடியில் வந்தபோது அடுத்த சந்திப்புக்குக் காலை எட்டரை மணி என்று வரவேற்பில் எழுதிக் கொடுத்தார்கள். சீட்டை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பி நீட்டினார்.

"பத்து மணிக்கு மேல போடும்மா. எட்டரைக்கு நான் கீழ இருப்பேன்."