மெக்சிகோ பெட்டிக்குள் இரண்டு காரம்

ஹூஸ்டனில் எனக்கு ஒரு நண்பன் இருக்கிறான். வார நாளில் மென்பொருள், சனி ஞாயிறு முழுக்க அடுப்படி. அவன் பிறந்தநாளுக்கு மெக்சிகோ சமையல் சாமான்களை வைத்து ஒரு பரிசுப் பெட்டி கொடுக்கலாம் என்று தேடியபோது கண்ணில் பட்டதெல்லாம் கடைக்காரர்களே கட்டி வைத்த பெட்டிகள்தான்: மொறுமொறு டாக்கோ ஓடு, நாலு பாட்டில் ஹாட் சாஸ், மண்டையோட்டுப் படம் போட்ட கைத்துண்டு. நன்றாகச் சமைக்கத் தெரிந்தவனுக்கு இதில் செய்ய என்ன இருக்கிறது? மூடியைத் திறந்து ஊற்றலாம், அவ்வளவுதான். அதனால் பெட்டியை நானே கட்டினேன். முதலில் வாங்கியது சுண்ணாம்பு.

தமிழில் காரம் என்றால் நாக்கைச் சுடுவதும் காரம், வேதியியல் வகுப்பில் அமிலத்துக்கு எதிர்ப்பக்கம் நிற்பதும் காரம். மெக்சிகோ சமையலுக்கு இரண்டுமே வேண்டும், ஆனால் வெளியே பேர் வாங்கியது முதலாவது மட்டும்தான்.

சுண்ணாம்பு என்று நான் சொல்வது கால்சியம் ஹைட்ராக்சைடு, வெற்றிலையில் தடவுகிற அதே சரக்கு. ஸ்பானிய மொழியில் அதன் பெயர் 'கால்' (கடையில் இதைச் சொல்லி எனக்கு நானே சிரித்துக்கொண்டேன்). உணவுக்கென்று விற்பதைத்தான் வாங்க வேண்டும், சுவருக்கு அடிப்பது ஆகாது. ஒரு கிலோ காய்ந்த மக்காச்சோளத்துக்குச் சுமார் 10 கிராம் சுண்ணாம்பு, மூன்று லிட்டர் தண்ணீர். கொதி வந்ததும் தீயைக் குறைத்து அரைமணி நேரம் போல வேகவிட்டு, அடுப்பை அணைத்து, இரவு முழுக்க அப்படியே ஊறவிட வேண்டும். தண்ணீர் மஞ்சளாகும், வீடு முழுக்க ஈரமண்ணும் சோளமும் கலந்த ஒரு வாசனை வரும். காலையில் ஒரு மணியை எடுத்து இரண்டு விரலால் நசுக்கினால் அதன் மேல்தோல் வழுவழுவென்று கூழாகிக் கழன்று வரும். கழுவி, அரைத்தால் மாசா, அதாவது டார்ட்டியா என்ற மெல்லிய சோள ரொட்டி தட்டுகிற மாவு. சுண்ணாம்பில் வெந்த அந்தச் சோளத்துக்கு நிக்ஸ்தமல் என்று பெயர். மெக்சிகோவின் பழங்குடி மொழியான நாவாட்லில் சாம்பலைக் குறிக்கும் சொல் அதற்குள் இருக்கிறது, ஏனென்றால் சாம்பல் கரைத்த தண்ணீரும் இதே வேலையைச் செய்யும்.

ராத்திரி முழுக்க அந்தப் பானைக்குள் என்ன நடக்கிறது? சோளத்தின் தோலை இறுக்கிப் பிடித்திருப்பது ஹெமிசெல்லுலோஸ் என்ற பொருள், அது காரத்தில் கரைகிறது. உள்ளே இருக்கும் மாவுச்சத்து கொஞ்சம் மட்டும் வெந்து பசையாகிறது. சுண்ணாம்பின் கால்சியம் உள்ளே புகுந்து பெக்டின் என்ற நார்ப்பொருளின் இழைகளை ஒன்றோடொன்று கோத்துவிடுகிறது. கோதுமையில் இழுத்துப் பிடிக்க குளூட்டன் இருக்கிறது, சோளத்தில் கிடையாது. அந்தப் பிடிமானத்தை இந்தப் பசையும் கோப்பும் சேர்ந்து கொடுக்கின்றன.

இது தெரியாத காலத்தில் நானும் சாதாரண மக்காச்சோள மாவை வாங்கி வந்து, வெந்நீர் விட்டுப் பிசைந்து டார்ட்டியா தட்டியிருக்கிறேன். ஓரமெல்லாம் வறண்ட குளம் மாதிரி வெடித்தது, திருப்பும்போது மூன்று துண்டாகி விழுந்தது. மாவின் மேல் தப்பில்லை, அது சுண்ணாம்பையே பார்க்காத மாவு. அதனால் பெட்டியில் வைக்க வேண்டியது மாசா அரினா, அதாவது சுண்ணாம்பில் வெந்து, அரைத்து, உலர்த்திய மாவு. பாக்கெட்டில் 'சோள மாவு' என்று மட்டும் போட்டிருந்தால் எடுக்காதீர்கள். கூடவே ஒரு கிலோ முழுச் சோளமும் வையுங்கள், பாப்கார்ன் சோளமோ ஸ்வீட் கார்னோ வேண்டாம். நீலச் சோளம் கிடைத்தால் விடாதீர்கள். அதன் நிறமி ஆந்தோசயனின், காரத்தில் நீலமும் பச்சையுமாக மங்கிக் கிடக்கும், எலுமிச்சை பிழிந்தால் இளஞ்சிவப்பாகும். இதைப் பார்ப்பதற்காகவே நண்பன் சமைப்பான்.

சுண்ணாம்புக்கு இன்னொரு கணக்கும் உண்டு, அது சுவையைவிடப் பெரியது. சோளத்தில் நியாசின் என்ற பி-வைட்டமின் இருக்கிறது, ஆனால் பெரும்பகுதி நம் உடம்பால் எடுத்துக்கொள்ள முடியாதபடி கட்டுண்டு கிடக்கிறது. காரம் அந்தக் கட்டை அவிழ்க்கிறது. ஸ்பானியர்கள் சோளத்தை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள், சுண்ணாம்பு முறையைக் கொண்டுபோகவில்லை. சோளமே சாப்பாடு என்று இருந்த ஏழைகளுக்குத் தோல் வெடித்து, வயிறு கெட்டு, புத்தி பேதலித்துப் போகும் ஒரு நோய் வந்தது. 1735-இல் காஸ்பர் காசல் என்ற ஸ்பானிய மருத்துவர் அதைக் கண்டு விவரித்தார். பின்னாளில் அதற்குப் பெல்லாக்ரா என்று பெயர் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அது கொன்றவர்கள் ஏராளம். கிருமிதான் காரணம் என்று பலரும் நம்பிக்கொண்டிருந்தபோது, ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற அமெரிக்க மருத்துவர் 1914-இலிருந்து பாடுபட்டு, சாப்பாட்டுக் குறைதான் காரணம் என்று காட்டினார். அந்தக் குறை நியாசின் என்று தெரிய 1937 ஆனது. மெக்சிகோவில் பெல்லாக்ரா இந்த அளவுக்கு வாட்டவில்லை. அங்கே பானையில் சுண்ணாம்பு இருந்தது, பீன்ஸும் தட்டில் இருந்தது.

சரி, இனி நாக்குக் காரத்துக்கு வருவோம். மெக்சிகோவில் மிளகாய் காய்ந்ததும் அதன் பெயரே மாறிவிடும். பொப்லானோ காய்ந்தால் ஆஞ்சோ. மிராசோல் காய்ந்தால் குவாஹியோ. சிலாக்கா காய்ந்தால் பசியா. பழுத்த ஹலபேன்யோவைப் புகையில் உலர்த்தினால் சிப்போட்லே. ஹலபேன்யோவுக்குச் சதை தடிமன், வெறும் வெயிலில் காய்வதற்குள் அழுகிவிடும், அதனால் புகை. வேறு பெயர் வைத்ததில் நியாயம் இருக்கிறது, உலரும்போது சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சேர்ந்து புதிய வாசனைகளை உண்டாக்குகின்றன. ஆஞ்சோவைப் பிரித்து முகர்ந்து பாருங்கள், மிளகாய் நெடியே இருக்காது, உலர்திராட்சையும் கொஞ்சம் புகையிலையும் கலந்த மாதிரி இருக்கும்.

1912-இல் வில்பர் ஸ்கோவில் என்ற மருந்தியலாளர் மிளகாய்ச் சாற்றைச் சர்க்கரைத் தண்ணீரில் கலந்து, நாக்குக்கு உறைப்பே தெரியாத வரை நீர்க்கச் செய்து காரத்தை அளந்தார். இன்று கருவியில் அளந்தாலும் அலகுக்கு அவர் பெயர்தான். ஆஞ்சோ 1,000 முதல் 2,000, சிப்போட்லே 2,500 முதல் 8,000, ஒல்லியான ஆர்போல் மிளகாய் 15,000 முதல் 30,000 வரை. ஆஞ்சோவைக் காரத்துக்காகப் போடுவதில்லை, குழம்பின் உடம்பே அதுதான். மிளகாய் நம் ஊருக்கு வந்ததும் அமெரிக்கக் கண்டத்திலிருந்துதான், போர்த்துகீசியர் கப்பலில். ஆனால் நாம் எடுத்துக்கொண்டது உறைப்பையும் சிவப்பையும். இந்தப் பழ வாசனைக்கு நம் அஞ்சறைப்பெட்டியில் மாற்று எதுவும் இல்லை, அதனாலேயே இதைப் பரிசாகக் கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. ஆஞ்சோ, பசியா, குவாஹியோ, சிப்போட்லே, ஒவ்வொன்றும் நூறு கிராம். கையில் வளைத்தால் தோல் மாதிரி வளைய வேண்டும், நொறுங்கினால் பழசு.

காம்பையும் உள்ளே இருக்கும் வெளிர் நரம்பையும் எடுத்துவிட்டு (உறைப்பைத் தரும் காப்சைசின் ஊறுவது விதையில் இல்லை, அந்த நரம்பில்), சூடான கல்லில் சில நொடி வாட்டி, வெந்நீரில் ஊறவைத்து அரைப்பார்கள். கருகினால் கசக்கும், பிறகு எதைப் போட்டும் சரிசெய்ய முடியாது. அரைத்த விழுதை எண்ணெயிலோ பன்றிக் கொழுப்பிலோ வதக்குவார்கள். காப்சைசினும் சிவப்பு நிறமியும் தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். வத்தக்குழம்பில் எண்ணெய் சிவப்பாகப் பிரிந்து மேலே நிற்பதும் இதனால்தான்.

பட்டையும் ஒரு கட்டு வைத்தேன். கனேலா என்று மெக்சிகோவில் விற்பது இலங்கைக் கறுவாதான். இலங்கையிலிருந்து அதை நிறைய வாங்கும் நாடுகளில் மெக்சிகோ முன்வரிசையில் நிற்கிறது. காகிதம் போன்ற அடுக்குகள், கையாலேயே நொறுக்கலாம். கூடவே கல்லில் அரைத்த சாக்லேட் வில்லைகள், சர்க்கரை முழுதாகக் கரையாமல் பல்லில் நறநறக்கும், சுடுபாலில் போட்டு நுரைக்கக் கடைந்து குடிப்பதற்கு.

கட்டும்போது இரண்டு விஷயம். சாக்லேட்டின் கொழுப்பு பக்கத்தில் இருக்கும் வாசனையை உறிஞ்சிக்கொள்ளும். சிப்போட்லேயைத் தனியாக இறுக்கி மூடாவிட்டால் சாக்லேட்டில் புகை நாறும். அப்புறம் சுண்ணாம்பு: காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து மெல்ல மெல்ல வெறும் சுண்ணாம்புக்கல் பொடியாகிவிடும், சோளத்தை ஒன்றும் செய்யாது. கண்ணாடிப் பாட்டிலில் காற்றுப் புகாமல் அடைத்து, மாவு என்று யாரும் நினைக்காதபடி பெரிதாகப் பெயர் எழுதி, கீழே 'கண்ணில் படக்கூடாது, அலுமினியப் பாத்திரம் ஆகாது' என்று சேர்த்தேன். காரம் அலுமினியத்தை அரித்துவிடும்.

பெட்டி கொடுத்த ஞாயிற்றுக்கிழமையே போன் வந்தது. "டேய், டார்ட்டியா உப்பவே மாட்டேங்குது." உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகித்தான் அது உப்ப வேண்டும், நம் புல்கா மாதிரி. மாவு உருண்டையை அழுத்திப் பார், ஓரம் வெடிக்கிறதா என்று கேட்டேன். வெடிக்கிறது என்றான். ரெண்டு ஸ்பூன் தண்ணீர் தெளித்துப் பிசைந்து கால்மணி நேரம் மூடி வை என்றேன். கொஞ்ச நேரத்தில் ஒரு போட்டோ வந்தது, பந்து மாதிரி உப்பிய ஒன்று, ஒரு பக்கம் மட்டும் லேசாகக் கருகி.