ஹோட்டல் பில்லில் ‘வற்’ போட்டிருந்தால் இலக்கத்தையும் தேடுங்கள்

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ நாலு பேர் சாப்பிட்டு எழுந்தால் பல கடைகளில் கைக்கு வருவது ஒரு துண்டுத்தாள், அதில் கூட்டுத்தொகை மட்டும். விவரம் கேட்டால் “எல்லாம் சேர்த்துத்தான்” என்பார்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, வாங்கியவர் கேட்டால் கடைக்காரர் பற்றுச்சீட்டு கொடுத்தாக வேண்டும், அதில் திகதி, அளவு, விலை எல்லாம் இருக்க வேண்டும். கேட்டால்தான், அதனால் கூச்சப்படாமல் கேளுங்கள்.

அடுத்தது வற், அதாவது பெறுமதி சேர் வரி (VAT), சண்டை வருவதே இங்கேதான். 2024 ஜனவரி முதல் இது 18 வீதம், அதாவது 2,000 ரூபா சாப்பாட்டுக்கு 360 ரூபா. ஆனால் இதை எல்லாக் கடையும் வாங்க முடியாது, உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் வற்றுக்குப் பதிந்த கடை மட்டுமே வாங்கலாம், அப்படிப் பதிந்த கடைக்கு 7000 என்று முடியும் ஓர் இலக்கம் இருக்கும், பதிவுச் சான்றிதழையும் கண்ணில் படும் இடத்தில் மாட்டியிருக்க வேண்டும். கடை சின்னதாக இருக்கிறதே என்று மட்டும் சந்தேகப்படாதீர்கள், சின்னக் கடையும் விரும்பினால் பதியலாம். பில்லில் இலக்கமே இல்லாமல் ‘வற்’ என்று ஒரு தொகை அடித்திருந்தால்தான் விஷயம். அந்த இலக்கம் உண்மையா என்று திணைக்களத்தின் இணையதளத்தில் பார்க்கலாம், 1944க்கும் அழைக்கலாம்.

சேவைக் கட்டணம் வரி இல்லை, கடை போடுவது. வழக்கமாக 10 வீதம். அதைப் போடுவதாக மெனுவில் எழுதியிருக்கிறதா என்று உட்காரும்போதே பார்த்துவிடுவது நல்லது.

கடைக்காரர்களுக்கும் ஒன்று. கொத்து 2, பிளேன்டீ 4 என்று தனித்தனி வரியாக, ஒன்றின் விலையோடு, தமிழிலும் சிங்களத்திலும் அடித்து, வற்றையும் சேவைக் கட்டணத்தையும் பிரித்துக் காட்டி, கட்ட வேண்டிய தொகையைப் பெரிய எழுத்தில் போட்டால் கவுண்டரில் பாதி வாக்குவாதம் குறையும். ‘ஃபுட்’ என்று ஒரே வரியில் 3,450 ரூபா போட்டால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

அப்புறம், மெஷினில் அடித்த பில் சீக்கிரம் மங்கிவிடும், அங்கேயே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பில் தர மறுத்தாலோ காட்டிய விலைக்கு மேல் வாங்கினாலோ பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்குச் சொல்லலாம். சாப்பாடே சரியில்லை என்று முறைப்பாடு செய்வதாக இருந்தால், மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், அதோடு அந்தப் பில்லின் பிரதியையும் இணைத்துவிடுங்கள்.