உதட்டுக் கொப்புள வைரஸுக்கு ஒரு மாற்று வேலை

காலில் இருந்த மெலனோமா என்ற தோல் புற்றுநோயை வெட்டியெடுத்து, தழும்பும் ஆறிவிட்டது. சில மாதங்களில் தழும்புக்கு மேலே மிளகு சிதறினாற்போலக் கருநீல முடிச்சுகள். காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும் அல்லவா? அதே நிணநீர்ப் பாதைதான் இதற்கும். நெறியை நோக்கிக் கிளம்பிய புற்றுச் செல்கள் வழியிலேயே தங்கி வளர்ந்துவிட்டன.

ஒன்றிரண்டு முடிச்சு என்றால் மறுபடியும் வெட்டிவிடலாம். இருபது முப்பது என்றால் என்ன செய்வது? இன்று பெரும்பாலும் எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏற்றுகிறார்கள். அதற்குப் பக்கத்தில் விசித்திரமான இன்னொரு வழியும் உண்டு: முடிச்சுக்குள்ளேயே வைரஸை ஊசியாகப் போடுவது.

2015 அக்டோபரில் அமெரிக்கா அனுமதித்த டி-வெக் என்ற மருந்து அது. மூலச்சரக்கு, உதட்டோரம் கொப்புளம் கிளப்பும் ஹெர்பிஸ் வைரஸ். அக்கி வைரஸின் பங்காளி. வைரஸ் நுழைந்ததும் நல்ல செல் தன் புரத உற்பத்தியை நிறுத்திக்கொள்ளும். அந்தப் பூட்டைத் திறக்கும் மரபணு வைரஸிடம் இருக்கிறது. அதை நீக்கிவிட்டார்கள். அதனால் நல்ல செல்லில் அதன் பருப்பு வேகாது. புற்றுச் செல்லிலோ பூட்டே பழுது. அங்கே பெருகி, செல்லை வெடிக்கவைத்து வெளியேறுகிறது.

எனக்குப் பிடித்தது அடுத்த கட்டம்தான். வைரஸுக்குள் ஒரு மனித மரபணுவையும் சொருகியிருக்கிறார்கள். அது சுரக்கவைக்கும் புரதம் எதிர்ப்பு செல்களை அந்த இடத்துக்கு வரவழைக்கிறது. வந்தவை சிதறிக் கிடக்கும் புற்றுத் துணுக்குகளைப் பொறுக்கி, புற்றுச் செல்லைத் தேடிக் கொல்லும் டி செல்களுக்கு அடையாளம் காட்டுகின்றன. ஊசி படாத முடிச்சுகள்கூடச் சிலருக்குச் சுருங்குவது இதனால்தான்.

மருந்து மைனஸ் 70 டிகிரிக்கும் கீழே உறைந்திருக்கும். உருக்கி, ஒரே துளை வழியாக ஊசியை விசிறிபோலப் பல பக்கம் திருப்பிச் செலுத்துவார்கள். முதல் ஊசி நீர்த்தது. மூன்று வாரம் கழித்து, அதைப்போல நூறு மடங்கு வீரியத்தில் அடுத்தது. அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. குளிர், காய்ச்சல், அசதி வரும். சில முடிச்சுகள் முதலில் பெருத்துப் பயமுறுத்திவிட்டுத்தான் வற்றும்.

436 பேரிடம் நடந்த சோதனையில், ஆறு மாதமாவது நீடித்த பலன் கண்டவர்கள் 16 சதவீதம். வேறு ஊசி போட்டுக்கொண்டவர்களில் 2 சதவீதம். ஈரல், நுரையீரல் வரை பரவியவர்களுக்கு இதை நம்பியிருக்க முடியாது. ஆயுளைக் கூட்டுவதாகவும் உறுதியாகவில்லை.

சரி, வைரஸ் எல்லை மீறினால்? ஹெர்பிஸுக்குக் கொடுக்கும் பழைய அசைக்ளோவிர் மாத்திரைக்கு இதுவும் அடங்கும். அதனாலேயே, வேறு காரணத்துக்காக அந்த மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பவரிடம் டி-வெக் எடுபடாமலும் போகலாம்.