கத்திக்கு முன்னால் கதவு: நெருக்கத் தாக்குதலிலிருந்து தப்புவதற்கான அடிப்படைப் பயிற்சி

2024 நவம்பர் 13 அன்று சென்னை கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் ஒருவர் பணியில் இருக்கும்போதே கத்தியால் குத்தப்பட்டார். குத்தியவர், அங்கு சிகிச்சை பெற்ற ஒரு நோயாளியின் மகன். நல்லவேளையாக மருத்துவர் பிழைத்துவிட்டார். அதன் பிறகு, என் தற்காப்புப் பயிற்சிக்கு வரும் மருத்துவமனை ஊழியர்களும் காவலாளிகளும் எடுத்த எடுப்பில் கேட்பது இதைத்தான்: "சார், கத்தியோட வந்தா எப்படிப் பிடுங்குறது?"

அந்தப் பாடத்தை நான் கடைசியில்தான் வைப்பேன்.

1983-ல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி போலீஸ் பயிற்சியாளர் டென்னிஸ் டூலர் ஒரு கணக்கை எழுதினார். உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துக் குறிபார்த்துச் சுட, பயிற்சி பெற்ற போலீஸ்காரருக்கு ஏறத்தாழ ஒன்றரை விநாடி ஆகிறது. அதற்குள் ஓடி வரும் ஆள் 21 அடியைக் கடந்துவிடுகிறார். இடுப்பில் துப்பாக்கி இருப்பவர் நிலையே இப்படியென்றால், மேசைக்கு அந்தப் பக்கம் மூன்றடியில் வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பவருக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும்?

வகுப்பில் இதைப் புரியவைக்க, ஒருவரைப் பழைய வெள்ளை பனியன் போடச் சொல்லி, எதிராளி கையில் சிவப்பு மார்க்கரைக் கொடுப்பேன். "இப்போ பிடுங்குங்க" என்பேன். கராத்தே நன்றாகத் தெரிந்தவர்களின் முன்கையிலும் கழுத்திலும்கூடச் சிவப்புக் கோடுகள் விழுகின்றன. தற்காப்பு வீடியோக்களில் தாக்குபவர் ஒரே ஒரு முறை குத்திவிட்டு, கையை நீட்டியபடியே நிற்பார். நிஜத்தில் ஒரு கையால் சட்டையைப் பிடித்து இழுத்து, மறுகையால் திரும்பத் திரும்பக் குத்துவார்கள். பயத்தில் நெஞ்சு படபடக்கும்போது விரல்களின் நுணுக்கமான அசைவுகள் முதலில் கைவிட்டுப் போகும். மணிக்கட்டை முறுக்கும் வித்தையெல்லாம் அப்போது உதவிக்கு வராது. ஒரே வார இறுதியில் அதைக் கற்றுத் தருவதாக விளம்பரம் செய்பவர்கள் மீது எனக்கு உண்மையாகவே கோபம் உண்டு. அந்தத் துணிச்சலை நம்பி நிற்பவர் உயிரையே இழக்கலாம்.

ஆகவே முதல் நாள் நாற்காலிகளை நகர்த்துகிறோம். பல ஆலோசனை அறைகளில் மருத்துவர் உள்சுவரை ஒட்டி உட்கார்ந்திருப்பார். வந்தவர் கதவுப் பக்கம் இருப்பார். அவர் கோபத்தில் எழுந்து நின்றாலே வழி அடைபட்டுவிடும். மேசையைப் பக்கவாட்டில் திருப்பி, இருவருக்குமே கதவு எட்டும்படி போடுங்கள். வந்தவருக்கும் வெளியேற வழி இருக்க வேண்டும். மூலையில் சிக்கிக்கொண்டதாக நினைப்பவர் இன்னும் மூர்க்கமாவார். மேசை மேல் கத்தரிக்கோல், கனமான பேப்பர் வெயிட் வேண்டாம். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டைக்கு, இழுத்தால் கழன்றுவிடும் கயிறு போடுங்கள்.

அடுத்தது கைகள். ஒருவர் குரலை உயர்த்தும்போது நம் கண் அவர் முகத்திலேயே நின்றுவிடும். கைகளையும் பாருங்கள். ஒரு கை பைக்குள்ளேயே இருந்தால் எழுந்து கொஞ்சம் விலகி நில்லுங்கள். உங்கள் உள்ளங்கைகள் திறந்தபடி மார்பளவில் இருக்கட்டும். பார்ப்பவருக்கு அது சமாதானம் பேசுவதாகத் தெரியும். அடி விழுந்தால் முகத்தையும் கழுத்தையும் மறைக்கவும் கை தயாராக இருக்கும். கத்தி தெரிந்துவிட்டால் "கத்தி! கத்தி!" என்று கத்திக்கொண்டே ஓடுங்கள். ஓட வழியே இல்லாதபோதுதான் நாற்காலியைக் குறுக்கே பிடிப்பதும், கத்தி பிடித்த கையை இரு கைகளாலும் அமுக்கிப் பிடிப்பதும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்புரிமை பற்றியவை. தற்காப்புக்குத் தேவையானதைவிட அதிகமாகத் தாக்கும் உரிமை இல்லை என்கிறது 37-வது பிரிவு. கத்தி கீழே விழுந்து, ஆள் மடங்கிய பிறகும் அடித்தால் அது தற்காப்பாகாது.

ரத்தக் கசிவை நிறுத்துவதற்கென்று தனியாக ஒரு வகுப்பு வைக்கிறேன். சுத்தமான துணியைக் காயத்தின் மேல் வைத்து இரு கைகளாலும் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று தூக்கிப் பார்க்கக் கூடாது. உடலில் கத்தி செருகியபடி இருந்தால் உருவாதீர்கள். அசையாதபடி சுற்றிலும் துணியை வையுங்கள். "யாராவது 108-க்குப் போன் பண்ணுங்க" என்று பொதுவாகக் கத்தாமல், ஒருவரைக் கைகாட்டி "நீங்க பண்ணுங்க" என்று சொல்லுங்கள்.